எழுத்துக்கும் விரலுக்கும் நடுவே

சைக்கிளை வேலியோரம் சாய்த்ததும் தேவானந்தம் முதலில் செய்வது, மார்பில் குத்தியிருக்கும் பித்தளை வில்லையைக் கழற்றிக் காக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வதுதான். அடுத்து, கைப்பிடியில் தொங்கும் துணிப்பையிலிருந்து ஒரு சோடாப் புட்டியை எடுத்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடிப்பார். எந்த வீட்டிலும் அவர் தண்ணீர் கேட்பதில்லை. இவருக்கு எந்தச் சொம்பில் கொடுப்பது என்று சில வீட்டார் யோசிக்கும் அந்த அரை நிமிஷத்தை அவர்களுக்கும் தமக்கும் மிச்சப்படுத்துவதற்காகவே அந்தப் புட்டி. வாயைத் துடைத்துக்கொண்டு, வாசற்படிக்கு நாலடி தள்ளி நின்று, "ஏனுங்க, ஊட்ல ஆருங்க?" என்று குரல் கொடுப்பார். உள்ளே ஒரு பாத்திரம் உருளும். யாரோ ஓடுவார்கள். புறக்கடைக் கதவு சாத்தப்படும் ஓசை கேட்கும். தேவானந்தம் அவசரப்படுவதில்லை. வேலியில் படர்ந்திருக்கும் கோவைக்கொடியில் பழம் பழுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

கோபிசெட்டிபாளையம் முன்சீப் கோர்ட்டிலிருந்து சம்மன்களைக் கொண்டுபோய் உரியவர் கையில் சேர்ப்பிக்கும் சேவகர் அவர். வயது நாற்பத்தாறு. வாய்க்கால் மேட்டிலும் வண்டித் தடத்திலும் நாளொன்றுக்கு இருபது மைலுக்குக் குறையாமல் சைக்கிள் மிதித்ததில், உடம்பில் வேண்டாத சதை என்று எதுவும் தங்கவில்லை. நடக்கும்போதும் முழங்கால்கள் மிதிப்பதுபோலவே ஏறி இறங்கும். கிராமத்தார் அவரை அமீனா என்றே அழைக்கிறார்கள். அமீனா என்பவர் வேறு. வழக்கெல்லாம் முடிந்த பிறகு ஜப்தி உத்தரவோடு வந்து அண்டாவையும் மாட்டையும் பிடித்துக்கொண்டு போகிறவர். இந்த வேற்றுமையை எடுத்துச் சொல்வதிலேயே தேவானந்தத்தின் வாழ்நாளில் ஒரு பகுதி கழிந்திருக்கிறது. "அமீனா கடைசியா வாரவருங்க. நான் மொதல்ல வாரவன். மொதல்ல வாரவன் பேச்சைக் கேட்டுப்போட்டா, கடைசியா வாரவருக்கு வேலையே இல்லாமப் போனாலும் போகுமுங்க" என்பார்.

ஆனால் மக்களின் அச்சம் அமீனாவோடு முடிவதில்லை. சம்மன் என்ற சொல் இப்பகுதித் தோட்டங்களில் சம்மதம் என்றே காதில் விழுகிறது. சம்மதத்தைக் கையில் வாங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், எதிராளி எழுதியிருப்பதற்கெல்லாம் சம்மதித்ததாக ஆகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைப் பேதைமை என்று தள்ளிவிடவும் முடியாது. பெண் கேட்டு வந்தவர்களின் தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டால் பெண் கொடுக்க ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள்? நீட்டியதைக் கைநீட்டி வாங்குவது இந்த நாட்டில் ஒரு வாக்குறுதி. கோர்ட்டுக் காகிதம் ஒன்று மட்டும் அந்த வழக்கத்துக்கு விலக்கு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிவைக்கவில்லை.

ஒருமுறை பெருந்துறைச் சாலைப் பக்கத்தில் கருப்புசாமி என்ற தோட்டக்காரர், சைக்கிள் மணியைக் கேட்டவுடன் தென்னையில் ஏறிக்கொண்டார். தேவானந்தம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மரத்தடியிலேயே துண்டை விரித்து அமர்ந்தார்.

"எறங்க வேண்டாமுங்க. மேல இருந்தே கேளுங்க. நான் ஏறி வரமாட்டேன், எனக்குத் தெரியாது."

"எனக்குச் சம்மதமில்லீங்க!" என்றது மரம்.

"சம்மதம் ஆருங்க கேட்டது? உங்க பங்காளி உங்க மேல ஒரு புகார் சொல்லியிருக்குறாரு. அது நெசமா பொய்யான்னு சொல்றதுக்கு உங்களைக் கூப்புடறாங்க. கூப்புட்டது காதுல உளுந்துச்சுன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதானுங்க இது."

மட்டைகளுக்கு இடையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அவன் வண்டித் தடத்துல என்ற மாடு மேஞ்சுதுன்னு எழுதியிருக்கானுங்களா?"

"எழுதியிருக்குறாரு."

"மேயலைங்க! அதை நான் எப்படிங்க காட்டறது?"

"நீங்க காட்ட வேண்டியதில்லீங்க. மேஞ்சுதுன்னு சொல்றவருதான் மேஞ்சதைக் காட்டோணும். நீங்க போய், இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். தென்னை மரத்துல இருந்து சொன்னா அங்க கேக்காதுங்க."

கருப்புசாமி இறங்கிவந்தார். இறங்கும்போது இரண்டு இளநீரும் பறித்துப் போட்டார் என்று கேள்வி. தேவானந்தம் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "வழக்குல இருக்கறவங்க ஊட்டு எளநி எனக்கு ஆகாதுங்க" என்று சொல்லி, தம் சோடாப் புட்டியையே திறந்தாராம்.

வாய்தா என்ற சொல்லைக் கேட்டுத் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு, கோர்ட்டு வாசலிலேயே அழுத பெண்களை அவருக்குத் தெரியும். "இன்னொரு நாளைக்கு வரச் சொல்லியிருக்குறாங்க. அவ்வளவுதானுங்க" என்று சொல்லி அனுப்புவார். காகிதத்தில் இருக்கும் இங்கிலீஷ் தேதியைத் தமிழ்த் தேதியாகக் கணக்கிட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக் கொடுப்பார். எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்விக்கு மட்டும் அவரிடம் விடை கிடையாது. "ஜெயிப்பமுங்களா?" என்றால் கைகளை விரித்துவிடுவார். "அது எனக்குத் தெரியாதுங்க. போனாப் பேசலாம். போகலீன்னாப் பேச முடியாது. இது ரெண்டுந்தான் எனக்குத் தெரியுமுங்க."

இப்படிப் பேசிக்கொண்டு நிற்கும்போது அவர் வில்லையை அணிவதில்லை என்று முன்பே சொன்னேன். காகிதத்தை நீட்டும் கணத்தில் அதை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொள்வார். "வெளக்கஞ் சொல்றது தேவானந்தம். காயிதம் குடுக்கறது சர்க்காரு. ரெண்டையும் கொழப்பக் கூடாதுங்க" என்பது அவர் தமக்கே வகுத்துக்கொண்ட இலக்கணம். கோர்ட்டின் இலக்கணம் அவ்வளவு நெகிழ்ச்சி உடையதன்று. நாசர் என்ற பதவியில் சேவகர்களுக்குத் தலைவராக இருப்பவர் அவரை இருமுறை அழைத்துக் கண்டித்திருக்கிறார். வழக்குக் கட்சிக்காரரோடு பேசுகிற சேவகன், ஒரு நாள் ஒரு கட்சிக்காரனுக்காகப் பேசுகிறவன் ஆகிவிடுவான் என்பது நாசரின் அச்சம். அது நியாயமான அச்சம் என்றே தேவானந்தமும் சொல்கிறார். இரண்டாம் முறை கண்டிப்பு எழுத்தில் வந்தது. மூன்றாவது முறை வந்தால் வேலைக்கே ஆபத்து. அந்த மெமோவைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திடும் முன், அவர் நாசரின் மேசைமேலேயே தம் அளவுகோலை வைத்து, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். நாசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெமோவை மட்டும் அவர் திரும்பப் பெறவில்லை.

அந்த அளவுகோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற மர அளவுகோல். ஒரு முனை உடைந்து, ஏழு அங்குலமும் சில்லறையும் மிஞ்சியிருக்கிறது. அதோடு, அழிக்க முடியாதபடி எழுதும் ஒரு காப்பிங் பென்சிலும் மை டப்பாவும் எப்போதும் துணிப்பையில் இருக்கும். யாராவது கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதற்குமுன், எழுத்து எங்கே முடிகிறதோ அங்கிருந்து விரல் படப்போகும் இடம் வரைக்கும் உள்ள வெற்றிடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடுவார். "விரலு என்ன சொல்லுதுன்னு விரலுக்குத் தெரியாதுங்க. மேல என்ன எழுதியிருக்குதோ அதைத்தான் அது சொல்லும். அதனால மேல ஆரும் பொறவு எழுத முடியாமப் பண்ணிப்போடோணும்." அவருடைய தகப்பனார் மலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்தவரிடம் பாதி எழுதிய காகிதத்தில் விரல் வைத்துக் கொடுத்தவர். மூன்று மாதம் என்று ஏறிப் போனவர் மூன்று ஆண்டு கழித்தே மேட்டுப்பாளையத்தில் வந்து இறங்கினார். மூன்று என்ற எழுத்து சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் என்ன எழுதுவது என்பதை வேறொருவர் தீர்மானித்துவிட்டார்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஐப்பசியில், கொளுஞ்சிப்புதூருக்கு அருகில் ஒரு தோட்டத்துச் சாளைக்கு அவர் சம்மன் எடுத்துச் சென்றார். அந்தச் சிறிய ஓட்டு வீட்டில் ராமாமணி என்பவர் தனியாக இருந்தார். கணவர் கண்ணையா இறந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. இரண்டு ஏக்கர் மஞ்சள், இடுப்பளவு நின்றது. அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டதால், மஞ்சளுக்கு இருந்த ஒரே துணை கிணறு. கிணறு கண்ணையாவுக்கும் அவர் தம்பி வரதராஜுலுவுக்கும் பொது. மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்திலிருந்தே இன்னார்க்கு இன்ன நாள் என்று முறை வைத்து இறைத்து வந்தார்கள். இப்போது வரதராஜுலு மோட்டார் வைத்துவிட்டார். அண்ணி தம் முறையைத் தாமாகவே விட்டுக்கொடுத்து எழுதித் தந்திருக்கிறார் என்றும், இனி அவர் கிணற்றில் இறங்கக் கூடாது என்று தடை விதிக்க வேண்டும் என்றும் வழக்குத் தொடுத்திருந்தார்.

முதல் நாள் தேவானந்தம் போனபோது சாளையின் கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் இருப்பது கூரைமேல் எழுந்த அடுப்புப் புகையில் தெரிந்தது. வீட்டில் இல்லை என்று அவர் எழுதிவிடவில்லை. கதவு திறக்கப்படவில்லை என்று மட்டும் எழுதினார். இரண்டாம் முறை போனபோது ராமாமணி மஞ்சள் பாத்திக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். ஓடவில்லை. வலக்கை விரல்களை மடக்கி, கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக்கிக்கொண்டு நின்றார்.

"காயிதத்தை வாங்க மாட்டேனுங்க. விரலும் வெக்க மாட்டேனுங்க."

"சம்மதம்னு நெனச்சுக்கிட்டீங்களா அம்மணி? அது சம்மதமில்லீங்க, சம்மன்."

"அதெல்லாம் தெரியுமுங்க. நான் ஒண்ணும் அத்தனை வெவரங் கெட்டவ இல்லை." அவர் குரல் உயர்ந்தது. "மோட்டாருக்குக் கரண்டு கேட்டு மனு எழுதோணும், ரெண்டு பங்குக்காரரும் விரல் வெக்கோணும்னு எங்கொழுந்தனாரு சொன்னாரு. படிச்ச மனுசன் ஒருத்தரைக் கூட்டியாந்து, படிச்சுங்கூடக் காட்டுனாங்க. கரண்டு கரண்டுன்னுதானுங்க படிச்சாரு. நானும் வெச்சுக் குடுத்தேன். இப்ப அதுதான் கெணத்தை உட்டுக் குடுத்த காயிதமாமா. ஒருக்கா இந்த விரலை வெச்சுத்தானுங்க இந்தக் கெதி. இன்னொருக்கா வெப்பனா?"

தேவானந்தம் சாளையின் கதவைப் பார்த்தார். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு, மறுத்தார் என்று எழுதிக்கொண்டு போய்விடலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஒட்டிய சம்மன் சட்டத்தின் கண்ணுக்குக் கையில் கொடுத்ததற்குச் சமம். ராமாமணியின் கண்ணுக்கு அது கதவில் இருக்கும் ஒரு காகிதம். குறித்த நாளில் அவர் போகமாட்டார். போகாதவரிடம் அந்தப் பழைய கைநாட்டு எப்படி வாங்கப்பட்டது என்று யாரும் கேட்கப் போவதில்லை. கிணறு கைவிட்டுப் போகும். மஞ்சள் அறுவடைக்குரிய தை மாதத்தைப் பார்க்காது. ஒரு விரல் வைத்து ஏமாந்தவர், இன்னொரு விரல் வைக்காமல் ஏமாறப் போகிறார்.

"நான் படிச்சுக் காட்டறேனுங்க" என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். முன்பு வந்தவரும் படித்துத்தான் காட்டினார். காகிதத்தை மடித்துக்கொண்டார்.

"அம்மணி, என்னையும் நம்ப வேண்டாமுங்க."

ராமாமணி நிமிர்ந்து பார்த்தார்.

"ஒருத்தரு படிச்சாப் பொய் சொல்லலாம். ஒருத்தருக்கொருத்தரு தெரியாத மூணு பேரு தனித்தனியாப் படிச்சு, மூணும் ஒண்ணா வந்தா, அது காயிதத்துல இருக்கறதுதானுங்க. ரோட்டுக்கு வாங்க. ஆரைக் கேக்கறதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் வாயைத் தொறக்கலை."

சாளையைப் பூட்டிக்கொண்டு ராமாமணி முன்னே நடந்தார். பத்தடி பின்னால் தேவானந்தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். சத்தியமங்கலம் சாலையில் புளியமரத்தடிதான் பஸ் நிற்கும் இடம். அங்கே ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெபமணி குடையோடு நின்றிருந்தார். ராமாமணிக்கு அந்த முகம் பிடித்திருந்தது. அருகில் போகும்போதே ஜெபமணி, "ஸ்தோத்திரம் அண்ணா! ஞாயித்துக்கெழமை கோயில்ல காணலியே?" என்று தேவானந்தத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இவங்க வேண்டாம்" என்று ராமாமணி திரும்பிவிட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க."

"ஆமாங்க. அது சரிதானுங்க" என்றார் தேவானந்தம், குற்றம் கண்டுபிடிக்கப்பட்டவர் போல. ஜெபமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்து, பாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த வியாபாரி அப்புசாமி. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதலில் மனத்துக்குள் படித்தார். பிறகு ராமாமணியை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகே வாய்விட்டுப் படித்தார்.

"நவம்பர் இருவத்திநாலாந் தேதி, காலையில பத்தரை மணிக்கு, நீங்களாவது உங்க வக்கீலாவது கோர்ட்டுக்கு வரோணும்னு போட்டிருக்குதம்மா. அவ்வளவுதான். பயப்பட ஒண்ணுமில்லை."

அதற்குள் பஸ் வந்தது. எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்ததால் சற்றே நின்றது. கண்டக்டர் காகிதத்தை வாங்கி, ஊர்ப் பெயர்களைக் கூவும் அதே குரலில் ஒரே மூச்சில் படித்தார். "மேற்படி தேதியில் காலை பத்தரை மணிக்கு நேரிலாவது வக்கீல் மூலமாவது ஆஜராக வேண்டியது தவறும் பட்சத்தில் தாங்கள் இல்லாமலே வழக்கு விசாரித்து முடிவு செய்யப்படும். ஏறுங்க ஏறுங்க, உள்ள போங்க!"

ராமாமணியின் கட்டைவிரல் மறுபடியும் கைக்குள் மறைந்தது.

"ரெண்டும் ஒண்ணா இல்லீங்களே. இவரு என்னமோ கூடச் சொல்றாரு. பாத்தீங்களா? இதுக்குத்தானுங்க நான் வரமாட்டேன்னது."

 விளக்கிச் சொல்ல ஒரு வாக்கியம் தேவானந்தத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறப்பதில்லை என்று சொல்லியிருந்தார். துணிப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸின் ஜன்னலோரத்தில், கறுப்புப் புர்க்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒரு பெண் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். சாஜிதா பேகம் என்று பெயர். சத்தியமங்கலத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர். ராமாமணி அவரிடம் காகிதத்தை நீட்டினார். சாஜிதா பேகம், எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குக் காட்டுவதுபோல, ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரலை வைத்து, நகர்த்தி நகர்த்திப் படித்தார். கடைசி வரி வந்தது. தவறும் பட்சத்தில் தாங்கள் இல்லாமலே.

"இந்த வரி இதுல இருக்குதுங்களா?" என்றார் ராமாமணி.

"இருக்குதம்மா. இதோ, இங்கிருந்து இது வரைக்கும். நீங்க தொட்டுப் பாருங்க."

ராமாமணி ஜன்னலுக்கு வெளியே நின்றபடி அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பிப் பாக்கு மூட்டையருகே போனார்.

"ஏனுங்க, இந்த ஒரு வரியை நீங்க ஏனுங்க முழுங்கிப்போட்டீங்க?"

அப்புசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பொம்பளைப்புள்ள தனியா நிக்கறீங்க. படிச்சாப் பயந்துக்குவீங்கன்னுதான் அம்மணி. நல்லதுக்குத்தான் உட்டேன்."

"நல்லதுக்கா? நான் போகாம இருந்திருந்தா என்ற கெணறு போயிருக்குமுங்க!"

விசிலை வாயருகே கொண்டுபோன கண்டக்டர், ஊதாமல் நின்றார். அப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். ராமாமணி மறுபடியும் ஜன்னலுக்கு வந்தார்.

"இதுல எங்கயாச்சும் ஒத்துக்கறேன்னு, உட்டுக் குடுக்கறேன்னு இருக்குதுங்களா?"

"இல்லம்மா. விரல் வைக்கற எடத்துக்கு மேல ஒரே வார்த்தைதான். பெற்றுக்கொண்டேன்."

பஸ் புறப்பட்டது. புழுதி அடங்கியது. தேவானந்தம் சட்டைப் பையிலிருந்து வில்லையை எடுத்து மார்பில் குத்திக்கொண்டார். சைக்கிளின் ஆசனத்தில் காகிதத்தை விரித்து, உடைந்த அளவுகோலை வைத்து, பெற்றுக்கொண்டேன் என்பதற்கும் விரல் படவேண்டிய இடத்துக்கும் நடுவே கோடிட்டார். எதற்காக என்று ராமாமணி கேட்டார். சொன்னார். ராமாமணி அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார். "அன்னிக்கு இது இல்லாமப் போச்சுங்களே" என்று மட்டும் சொன்னார். பிறகு விரித்த கட்டைவிரலை மை டப்பாவில் அழுத்தினார்.

தேவானந்தம் அவருக்குரிய நகலின் பின்பக்கத்தில், கார்த்திகை மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை என்று எழுதிக் கொடுத்து, கூரையில் பஞ்சாங்கம் செருகியிருக்கும் வீடு எது என்று கேட்டு, அங்கே தேதியைச் சரிபார்த்துக்கொள்ளவும் சொல்லிவிட்டுப் போனார். தம் கணக்கையும் நம்ப வேண்டாம் என்பதே அதன் பொருள்.

குறித்த செவ்வாயன்று அவர் வழக்கத்தைவிட முன்னதாகவே கோர்ட்டுக்கு வந்துவிட்டார். வெளியூர்ச் சம்மன் கட்டு தயாராகவில்லை என்று தாழ்வாரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்பதரை மணிக்கு ராமாமணி வந்தார். மஞ்சள் கறை படிந்த விரல்களால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஆட்களைக் கேட்டுக் கேட்டு, ஒரு வக்கீலின் குமாஸ்தாவிடம் போய்ச் சேர்ந்தார். குமாஸ்தா பெஞ்சில் வக்காலத்துத் தாளை விரித்தார். அச்சடித்த வரிகளுக்கு நடுவே நிரப்ப வேண்டிய இடங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு வையுங்கம்மா. சீக்கிரம். கோர்ட்டு உக்காந்துரும்."

"வெத்தா இருக்குதுங்களே."

"அதெல்லாம் பொறவு எழுதிக்குவமுங்க. எல்லாரும் இப்படித்தான் வெக்கறது."

ராமாமணியின் கட்டைவிரல் கைக்குள் மறைந்தது. "எழுதுங்க. எழுதிப்போட்டு மூணு பேரு படிக்கோணும். பொறவு வெக்கறேனுங்க."

"மூணு பேரா?" குமாஸ்தா சுற்றிலும் பார்த்து, அறிவிப்புப் பலகையருகே நின்றவரைக் கண்டுகொண்டார். "நல்லதாப் போச்சு. இதா நம்ம தேவானந்தம் நிக்கறாரு. கோர்ட்டு ஆளு. அவரையே படிக்கச் சொல்லுங்க."

ராமாமணி திரும்பிப் பார்த்தார். தேவானந்தத்தின் முகத்தில் அவர் பார்வை ஒரு கணம் நின்றது.

"அவரு வேண்டாமுங்க" என்றார் உறுதியாக. "அவரு தெரிஞ்சவரு."

குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பத் தொடங்கினார். நிரப்பி முடித்ததும் ராமாமணி, வெவ்வேறு வழக்குக்காக வந்து வெவ்வேறு மூலையில் நின்ற மூன்று பேரை அழைத்து வந்தார். மூவரும் படித்தார்கள். மூன்றும் ஒன்றாகவே வந்தன. மணி பத்தே கால். குமாஸ்தா மை டப்பாவைத் திறந்து நீட்டினார். ராமாமணி இன்னும் விரலை வெளியே எடுக்கவில்லை. தாளின் அடியில் எழுத்து முடிந்த இடத்தையும், விரல் படவேண்டிய இடத்தையும், இரண்டுக்கும் நடுவே மூன்றங்குலம் கிடந்த வெள்ளையையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "கோடு?" என்றார்.

எதிரறை ஜன்னலில் நாசர் நின்றுகொண்டிருந்தார். தேவானந்தம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஏல விளம்பரத்தை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை. அவருடைய இடக்கை மட்டும் துணிப்பைக்குள் நுழைந்து, உடைந்த அளவுகோலோடு வெளியே வந்து, முதுகுக்குப் பின்னால் நீண்டது.